படத்துப் புலி, படத்துப் பிரியாணி

திருப்பதி ரயிலுக்குக் கிளம்புமுன் பிரமிளா மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். உள்ளே புருஷன் ஆதிநாராயணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். திருப்பதி ஜூவில் புலி பார்க்க வேண்டும் என்று மகள் லிகிதா நேற்றும் அழுதாள். "புக்கு வாங்கிக் குடுத்தேன், போன்லயும் காட்டறேன். படத்துல பாத்தா பத்தாதா? நேர்ல போனா நாத்தந்தான்" என்று அவன் நேற்றும் அதட்டினான். எழுத எழுத பிரமிளாவின் கையெழுத்து அழகாகிக்கொண்டே போனது.

"லிகிதாவோட நைனாவுக்கு,

நானும் பொண்ணும் புலி பாக்கப் போறோம். பதினோரு மணிக்கு பங்காருபாளையத்துலேந்து உன் அக்காவும் மாமாவும் சாப்பிட வராங்க. நீ கூப்ட்டவங்கதான், மறந்துடாத. நான் ஒண்ணும் சமைக்கல. மேஜை மேல சமையல் புக்கு வெச்சிருக்கேன். நாப்பதாம் பக்கம் மட்டன் பிரியாணி, கலர் படம். மொதல்ல மாமாவுக்குக் காட்டு. அக்காவுக்கு சுகர், கேசரிப் பக்கத்தத் திருப்பிடாத. இன்னும் வேணும்னா போன்ல பெருசு பண்ணிக் காட்டு. நேர்ல துன்னா கைதான் நாறும்.

சமையல் ரூமப் பூட்டிட்டேன். சாவி என் பையில."

"நைனாவுக்கு டாட்டா சொல்லிட்டு வரேம்மா" என்றாள் லிகிதா. பிரமிளா அவளைச் செருப்பு மாட்ட வெளியே அனுப்பிவிட்டு, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"என் தங்கச்சி வீட்ல தங்கிக்கறோம். எப்ப வருவோம்னு தெரியல. பொண்ணு மொகம் பாக்கணும்னா போன்ல படம் இருக்குது. பத்தாதா?"