உன் வீட்டிலிருந்து கேட்ட கார் சத்தம்

இன்று காலை என் மகள் தன் கணினியில் விண்டோஸை நீக்கிவிட்டு லினக்ஸ் ஏற்றினாள். "கேம் ஆட இப்ப இதுதாம்பா பெஸ்ட்டு" என்றாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின. உன் ஞாபகம் வந்தது. கூடவே அந்தப் பழைய பொறாமையும், கொஞ்சமும் குறையாமல்.

பிள்ளையார்பாளையத்தில் நம் நெசவாளர் தெருவில் கணினி இருந்தது நம் இரண்டு வீடுகளில்தான். அமாவாசை வந்தால் தறிக்கு விடுமுறை. சிநேகிதர்கள் எல்லோரும் கார் பந்தயம் ஆட என் வீட்டுக்கு வருவார்கள். என்னுடையது புதிது. உன்னுடையது உன் மாமா கொடுத்த பழசு. வைரஸ் புகுந்து அது படுத்துவிட்டபோது நீ லினக்ஸுக்கு மாறினாய்.

"அதுல கேம் ஓடாதுடா" என்றேன்.

"எவனாவது ஓட வச்சிக்கினு இருப்பான்டா. தேடினா கிடைக்கும்."

பிரவுசிங் சென்டரே கதியென்று கிடந்தாய். லினக்ஸில்தான் எத்தனை வகை! ஒன்றில் சத்தம் வரவில்லை, இன்னொன்றில் படம் நடுங்கியது. நீ சலிக்காமல் அடுத்ததைத் தேடினாய். நான் "பாவம்டா நீ" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு திரும்புவேன்.

ஓர் அமாவாசையன்று என் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. தறிகள் ஓய்ந்த தெருவில் உன் வீட்டிலிருந்து கார் சத்தம் கேட்டது. வாசல் நிறையச் செருப்புகள். உள்ளே அந்தப் பழைய பெட்டியில், என்னுடையதைவிட வழுக்கிக்கொண்டு ஓடியது கார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாய்.

"நீ ஆடுடா."

ஆடினேன். ஒரு தடவையாவது நின்றுபோகாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. நிற்கவில்லை.

அதன்பிறகு எல்லோரும் உன் வீட்டில்தான். நீ வேலைக்குப் போன மறு வருடமே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. காரியம் முடிந்த அன்று உன் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் உன் வூட்டுக்கே போறாங்கன்னு அவனுக்கு ஒரே பொறாமைப்பா. அதுக்குத்தான் சோறு தண்ணி இல்லாம அந்தப் பொட்டிய நோண்டிக்கினே இருந்தான்."

அழ வேண்டிய இடத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாய்! இதுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னைப் பற்றிப் பேச நம் சிநேகிதர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். இது மட்டும் எனக்கே எனக்கு.