பல்பொடி ஷில்லிங்

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை.

நீ கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்துபோனார். ஆள் ரொம்ப நல்ல மாதிரி. அதுதான் எனக்கு இடித்தது.

என் பழைய பிரிட்டிஷ் வெள்ளி நாணயங்களைக் காட்டினேன். எனக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாதுங்க என்றார். சொல்லிக்கொண்டே ஒரு அரை கிரவுன் காசை எடுத்தார். எப்படி எடுத்தார் தெரியுமா? முகப்பில் விரல் படாமல், விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து! தெரியாதவன் உள்ளங்கையில் போட்டு உருட்டுவான், கட்டைவிரலால் ராணியின் மூக்கைத் தேய்ப்பான். இவர் கைதேர்ந்த ஆள். அப்புறம் எதற்கு அந்தப் பொய்?

உன் பல்பொடி ஷில்லிங் ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில், அண்ணன் காசு கறுத்துப்போச்சே என்று பல்பொடி போட்டுத் தேய்த்து, பளபளவென்று கொண்டுவந்து நீட்டினாயே, அதேதான். மேலெல்லாம் கீறல். அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பு என்று உனக்கு எப்படித் தெரியும், பாவம். இன்று அதை எவனும் சீந்தமாட்டான். ஆனாலும் நாணயம் அடுக்குகிற குழித்தட்டில் முதல் குழியில் அதைத்தான் வைத்திருந்தேன். அதை அவர் வெகுநேரம் பார்த்தார். நான் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன்.

அவர் போனபிறகு பார்த்தால், அந்தக் குழியில் வேறு ஷில்லிங்! அதே வருஷம். போலியாகத்தான் இருக்கும் என்று தராசில் போட்டேன், லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அசல். யாரும் தேய்க்காதது, நீலம் பாய்ந்த கறுப்பு, ராணியின் முடி இழை இழையாகத் தெரிகிறது. இப்படி ஒன்றுக்காக நான் எத்தனை கடை ஏறி இறங்கியிருப்பேன்!

நல்லதை வைத்துவிட்டுச் சொத்தையை எடுத்துப்போகிற திருடன் உண்டா? அண்ணியிடம் கேட்டேன். உங்களுக்கு நல்லது செஞ்சாலும் போலீசைத்தான் கூப்பிடுவீங்க என்று சிரிக்கிறாள். ஷில்லிங்கின் வருஷத்தை அவருக்கு நீதான் சொல்லியிருக்க வேண்டும். நாணயம் சேர்க்கிற எவரையும் அண்ணன் வாசற்படி ஏற்றமாட்டார் என்றும் சொல்லியிருப்பாய், அதற்குத்தான் அந்தப் பொய். எல்லாம் கூட்டுக் களவாணித்தனம்!

கையில் கொடுத்திருந்தால் வாங்கியிருக்கமாட்டேன், அது வேறு விஷயம். ஆனாலும் என் சந்தேகம் தீரவில்லை. நீ ஒன்று செய். உன் பல்பொடி ஷில்லிங்கை அவர் என்ன செய்கிறார் என்று சொல்லாமல் கொள்ளாமல் பார். விற்றிருந்தால் இந்தச் சம்பந்தம் வேண்டாம். இழுப்பறையில் சில்லறையோடு போட்டிருந்தாலும் வேண்டாம். பத்திரமாக வைத்திருந்தால் கல்யாணத் தேதியை எழுது, நானும் அண்ணியும் வந்துவிடுகிறோம். ஷில்லிங்கைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அது இனி உன் வீட்டிலேயே இருக்கட்டும்.

நன்றாக இரு, அம்மா.

உன் சந்தேகப்பிராணி
அண்ணன்