பெஞ்சோவின் தோல்

நவம்பர் 7

மூன்று நாய், ஒரு பூனை, கடைசியாக ஸ்டாமென். டான்யூப் படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து ஒரு கினிப்பன்றியை எடுத்து மேசைமேல் வைத்தார். பெயர் பெஞ்சோ. முதுகில் முடி கொட்டிப் பொருக்கு தட்டியிருந்தது. சுரண்டிப் பார்த்தேன், சொறிப்பூச்சி. எங்கள் விடின் ஊரில் இந்த மாதிரிப் பிராணிகளைத் தொடுகிற ஒரே மருத்துவர் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கழுத்தில் மருந்து விட்டேன். வலி இருக்குமா என்று கேட்டார். அது அசையாமல், சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. இல்லை என்றேன். சீட்டிலும் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 9

மழை. எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 11

எப்படி எழுதுவது இதை —

ஸ்டாமென் கதவைத் திறந்ததுமே ரக்கியா நாற்றம். மனுஷர் காலையிலேயே குடித்துவிட்டார் என்று நினைத்தேன். நாற்றம் பெஞ்சோவிடமிருந்து வந்தது. காய்ச்சலோ மூட்டுவலியோ, எங்கள் வீடுகளில் சாராயத்தில் நனைத்த துணிதான் முதல் வைத்தியம். என் அம்மாவும் எனக்குச் சுற்றியிருக்கிறாள். இவர் அதை இரண்டு நாளாக அந்தப் புண்ணில் சுற்றி வைத்திருக்கிறார். தோல் வெந்து உரிந்திருந்தது. தொட்டதும் வலிப்பு வந்தது. மயக்கம் கொடுத்து, கழுவி, வலிக்கு ஊசி போட்டேன்.

பிறகு கத்தினேன். மூளை இருக்கிறதா என்று கேட்டேன், என் அப்பா வயது மனிதரை.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தொட்டாலே பல்லை நறநறன்னு கடிச்சான் டாக்டரம்மா. வலிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. நீங்க வலியில்லன்னு எழுதிட்டீங்க. அப்புறம் உங்ககிட்ட என்னன்னு வந்து கேக்குறது? எனக்குத் தெரிஞ்சதைச் செஞ்சேன்."

பெஞ்சோவை என்னிடமே விட்டுப் போகச் சொன்னேன்.

நவம்பர் 12

சோபியாவில் இருக்கும் ருமியானாவிடம் பேசினேன். கூடப் படித்தவள். அவளுக்கு நாள் முழுக்க முயலும் கிளியும்தான். "பயந்தா அதுங்க கல்லு மாதிரி உக்காந்துக்கும்டி. நொண்டுறது தெரிஞ்சா பருந்து தூக்கிட்டுப் போயிடும்ல? இது உனக்குத் தெரியாதா?"

தெரியும். பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அப்புறம் ஏன்? அவசரமா? வெளியே யாரும் காத்திருக்கவில்லையே. சும்மா இருக்கிறது, அதனால் சுகமாக இருக்கிறது என்று நினைத்த என் தடித்தனம்தான்.

நவம்பர் 13

பெஞ்சோ தானாகத் தின்னவில்லை. ஊசிக்குழாயில் கூழ் ஊட்டினேன். பாதி வெளியே வந்துவிட்டது.

நவம்பர் 16

போய்விட்டால் தேவலை என்று இன்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதற்குத் தேவலையா, எனக்கா?

நவம்பர் 21

ஒரு கீரைத் தண்டைத் தானாகத் தின்றது. புதுத் தோல் மூடுகிறது. அழைத்துப் போக வரச் சொன்னேன். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு வந்தார் ஸ்டாமென். கையை நீட்டினார். பெஞ்சோ வீறிட்டுக் கத்திக்கொண்டு கூண்டின் மூலையில் போய் முட்டியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி நீட்டினார். மறுபடியும் அதே சத்தம்.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வந்தேன்," என்றார்.

தப்பு என்னுடையது என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கூண்டை என் பக்கம் தள்ளினார். "உங்ககிட்டயே இருக்கட்டும். என் கையைக் கண்டா அவனுக்கு உசுரு போகுது."

பிழை செய்தவள் நான். பெஞ்சோ பயப்படுவது அவரைப் பார்த்து. என் கையில் வெள்ளரித்துண்டு வாங்கித் தின்கிறது. அதைப் பார்க்கவே எனக்குக் கூசுகிறது.

டிசம்பர் 4

முடி நன்றாக முளைத்துவிட்டது. ஸ்டாமென் ஞாயிறுதோறும் போன் செய்கிறார். இன்று போனை அவன் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

"டேய் பெஞ்சோ, நான்தான்டா."

பெஞ்சோ தின்றுகொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வைக்கோலுக்குள் புகுந்தது. வைக்கோல் நடுங்கியது.

"என்ன பண்றான்?"

"தூங்குறான். நல்ல தூக்கம்."

"அப்ப எழுப்பாதீங்க," என்று குரலைத் தணித்துச் சொன்னார். போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.