இரவல் கதவு

ஈஜிபுரா, பெங்களூர்
3-9-2006

அன்புத் தங்கை வனஜாவுக்கு,

அண்ணன் அர்ஜுனன் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். மஸ்கட் வெயிலில் உனக்கு மறுபடி மூக்கில் ரத்தம் வந்ததாகச் சரவணன் சொன்னான். நீ சமைக்கிற அடுப்பங்கரையில் ஏசி உண்டா, இல்லை அந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தானா? போனில் கேட்கலாம்தான். நீ ஹலோ சொன்னதும் எனக்குச் சரக்கு விலையைத் தவிர வேறு பேச்சு வருவதில்லை. அதனால் லீவு முடிந்து மஸ்கட்டுக்கே திரும்புகிற சரவணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டு விஷயம்.

உன் வீடு இருக்கிற குவாரி காலனிக்குக் குழாய், சாக்கடை, ரோடு போட்டு, தகர வீடுகளை எடுத்துவிட்டு அடுக்கு வீடு கட்ட நகரசபை டில்லியில் மானியம் கேட்கப் போகிறது. அவர்களிடம் சொந்தக் காசு இல்லை. மானியம் வந்தால்தான் வேலை. அதற்கு வீடு வீடாகக் கணக்கெடுத்து, போட்டோவோடு அனுப்ப வேண்டுமாம். இந்தச் சேதி வந்ததும் பால்வாடி ஜூடித் அக்கா என் கடைக்கு வந்தார். முன்பு ஒரு தடவை ஆபீசர்கள் வந்தபோது பின்னாலேயே புல்டோசர் வந்தது உனக்கு நினைவிருக்கும். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. பெண் பார்க்க வந்தால் நாலு வீட்டு நாற்காலியை இரவல் வாங்கிப் போடுவோமே, அதுபோல ஒரு நாளைக்குக் கதவு கொடு என்றார். "தகரத்தைப் பாத்தா ஓடிவந்த கூட்டம்னு நினைப்பாங்க அர்ஜுனா. கதவைப் பாத்தாத்தான் குடும்பம்னு நினைப்பாங்க."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இடித்த பங்களாக்களில் எடுத்த கதவுகள் கடையில் கிடந்தன. டெம்போவில் ஏற்றிப்போய் மாட்டினோம். ஆளில்லாமல் கிடந்த உன் வீட்டுக்கு, கடையிலேயே உசத்தியான கதவு. தேக்கு, பித்தளைக் குமிழ் வைத்தது.

கணக்கெடுக்க வந்த பிள்ளைகள் மேல் குற்றமில்லை. கண்ணால் பார்த்ததை எழுதினார்கள். தேக்குக் கதவு, சுண்ணாம்பு அடித்த சுவர், வாசலில் கோலம். நாற்பத்து மூன்று வீடுகளுக்குப் 'பக்கா வீடு' என்று டிக் போட்டுவிட்டார்கள், உன் வீட்டுக்கும் சேர்த்து. காலனியில் பாதிக்கு மேல் தகரம், மண் என்று கச்சா வீடாக இருந்தால்தான் மானியத்துக்கு எழுத முடியும். பாதி தேறவில்லை. நகரசபை இன்ஜினியர் மஞ்சுநாத் என்னைக் கூப்பிட்டார். கோபம்கூடப் படவில்லை. "ஏன்ரீ அர்ஜுனண்ணா, நீங்க குடுத்த கதவு டில்லிக் கதவையே சாத்திடுச்சே" என்றார்.

இத்தனை வருஷமாக ஏமாறாமல் வியாபாரம் செய்கிறவன் நான். பொருளை இருப்பதைவிட நல்லதாகக் காட்டினால் விலை ஏறும் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். இல்லாமையை இருக்கிறபடியே காட்ட வேண்டிய இடமும் உண்டு என்று தெரியாமல் போயிற்று.

மறுநாளே போய் எல்லாக் கதவையும் கழற்றினேன். பெண்கள் வாசலில் நின்று வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். மாட்டும்போது மாமன், கழற்றும்போது எமன் என்று ஒருத்தி சொன்னாள்.

பிறகு நகரசபையில் எல்லார் முன்னாலும், இவை என் கடைச் சரக்கு, ஒரு நாள் இரவல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அத்தாட்சி கேட்டார்கள். கதவின் மேல் விளிம்பில் பெயின்டில் போடுகிற கடைக் குறியைக் காட்டினேன். அ.வ. மஞ்சுநாத்துக்குத் தமிழ் படிக்க வரும். அ என்றால் நீங்கள், வ என்றால் யார் என்று கேட்டார். வணிகம் என்று சொல்லிவிட்டேன். இடித்த வீட்டு ஆணிகளை நீ கல்லில் வைத்து நிமிர்த்தித் தர, நான் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றேனே, அப்போது போட்ட குறி. அதை ஆபீசில் எப்படிச் சொல்வது?

மறுபடி கணக்கெடுக்க ஒப்புக்கொண்டார்கள். வருகிற இருபதாம் தேதி. ஆனால் இந்தத் தடவை, வீட்டுக்காரரே வாசலில் நின்று போட்டோ எடுத்தால்தான் பெயர் ஏறும். என்னால் வந்த கெடுபிடி இது. உனக்குப் பதில் நான் நிற்கிறேன் என்றேன். அண்ணன் நின்றால் அண்ணன் வீடு ஆகிவிடும் என்று மறுத்துவிட்டார்கள். பெயர் விட்டுப்போனால், நாளைக்கு வீடு வந்தாலும் உனக்கு இருக்காது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நீ மஸ்கட்டுக்குக் கிளம்புகிற வாரம், தகரத்தில் பூட்டு நிற்கவில்லை, பழசாக ஒரு கதவு கொடு அண்ணா என்று கேட்டாய். அந்தச் சுவர் கதவைத் தாங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீயும் அதற்குமேல் கேட்கவில்லை. இப்போது மாட்டிப் பார்த்தேன் வனஜா. சுவர் தாங்குகிறது.

உன் வாசலில் மறுபடி அதே தகரம்தான். பூட்டு நிற்காததால் நான்தான் அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறேன். அடுப்பு இருந்த மூலையில் ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன். உன் பாத்திரங்களைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

தேக்குக் கதவைக் கோரமங்களாவிலிருந்து ஒருவர் காரில் வந்து கேட்டார். விற்றாகிவிட்டது என்றேன். அடுக்கு வீட்டில் வாசல் அகலம் மூன்று அடி என்கிறார் மஞ்சுநாத். நம் கதவு மூன்றேகால். இழைத்துக் குறைக்க எனக்கு மனசில்லை. கால் அடி கூட விட்டுக் கட்டுங்கள் சார் என்றேன். மானியமே வரவில்லை, அதற்குள் அளவு சொல்கிறீர்களே என்று சிரித்தார்.

மானியம் வருவதும் வராததும் டில்லி பாடு. நீ இங்கே வர, பதினேழாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துச் சரவணனிடம் கொடுத்திருக்கிறேன். நீ வேலை செய்கிற வீட்டம்மா ஏதாவது சொன்னால், அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல். முழுப் பொய்யில்லை.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை நிமிர்த்தாதே, குனிந்துகொள். ஏர்போர்ட்டுக்கு டெம்போவோடு வந்து நிற்பேன். பின்னால் உன் தேக்குக் கதவு இருக்கும், முன் சீட்டு உனக்கு. நல்லபடியாக வந்து சேரம்மா.

உன் அண்ணன்,
அர்ஜுனன்