சுண்ணாம்புச் சத்து

திங்கள். காலைக் காப்பிக்குப் பிறகு.

நிலா நிலையம் நான்கு. மின்சாரம் சுகம், காற்று சுகம், தலைவர் பரம சுகம். தலைவர் என்றால் நான், தூத்துக்குடி கஸ்பார் பர்னாந்து. தாளில் என்னைப் "பராமரிப்பாளர்" என்று போட்டிருப்பது எழுத்துப் பிழை. இந்தக் குறிப்பைக் கண்டெடுப்பவர்கள் திருத்திக்கொள்ளவும்.

காற்றைக் கழுவும் டப்பா பழசாகிவிட்டது. இந்த வாரம் மாற்ற வேண்டும். சட்டிகள் தேய்த்தாயிற்று, மேல் பெட்டியில் நீலப் பையில் கிடந்த வெள்ளைக் கட்டி அருமையாகத் தேய்த்தது. தீர்ந்தும் போனது.

அக்கா மகள் டாக்டர் மதலேன் ஆராய்ச்சி வேலையாக நிலாவின் தென்முனைக்குப் போயிருக்கிறாள். போகுமுன் தன் சங்கு நண்டை என்னிடம் ஒப்படைத்தாள். பெயர் கப்பித்தான். நிலாவில் நண்டுக்கு ஓடு கெட்டிப்படுமா என்பதுதான் அவள் இத்தனை வருடம் கட்டிக்கொண்டு அழும் கேள்வி. "மாமா, இது செத்தா நானும் செத்தேன்" என்றாள். "திமிங்கலத்துக்கே பிரசவம் பாத்தவன்ட்ட சொல்லுத?" என்றேன். நான்கு பிரசவம். இரட்டையைச் சேர்த்தால் ஐந்து.

புதன். சோற்றுக்கு முன்.

மகா கண்டுபிடிப்பு. மணலுக்குள் பதுங்கிக் கிடந்த கப்பித்தான் இரண்டாகிவிட்டான்! ஒன்று கால், கொடுக்கு, மீசையோடு முழுசாகக் கிடக்கிறது, அசையவில்லை. இன்னொன்று சங்குக்குள், அவித்த இறால் நிறத்தில், கொழகொழவென்று. நிலாவில் நண்டு இரட்டை போடும் என்று முதலில் கண்டவன் நானே. அசையாததைப் புட்டியில் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி, என் பெயரை ஒட்டினேன்.

புதன். மாலை.

சூரியப் புயல். ரேடியோவில் மதலேன் குரலில் பாதி கரகரப்பு.

"மாமா, அது ரெட்ட இல்ல, சட்ட! பழைய சட்டைய உரிச்சிருக்கு. அதையே தின்னாத்தான் புது ஓடு கெட்டியாவும். தின்னுச்சா?"

"துண்டு மிச்சமில்ல மக்கா. வழிச்சு நக்கிட்டான்."

"நல்லது. இருந்தாலும் சுண்ணாம்புச் சத்து குடுங்க. மறந்துராதீய. மேல் பெட்டில…"

மிச்சத்தைப் புயல் தின்றுவிட்டது. ஸ்பிரிட்டில் ஊறியதை இனி எவன் தின்பான்? ஒட்டிய பெயர் தெரியாதபடி புட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

வியாழன். காலை.

மேல் பெட்டியில் சுண்ணாம்பு இருந்தது. காற்று டப்பாவுக்கு மாற்றாக வைத்திருந்த ஒரே டப்பா. உள்ளே முழுக்கச் சுண்ணாம்பு உருண்டைகள்; நாம் விடும் கெட்ட மூச்சைக் குடித்துக்கொள்ளும் சரக்கு. கிள்ளிக் கொடுப்பது எங்கள் வம்சத்தில் கிடையாது. டப்பாவை அப்படியே வாளித் தண்ணீரில் கவிழ்த்துக் கரைத்தேன். கோயில் சுவருக்கு வெள்ளையடிக்கிற பதத்தில் கப்பித்தான் மேல் பூசினேன்.

வியாழன். கொஞ்ச நேரத்தில்.

நண்டு கத்தாது என்று நினைத்திருந்தேன். கத்துகிறது.

நல்ல தண்ணீரில் கழுவினேன். உப்புத் தண்ணீரில் கழுவினேன். ஒரு கால் என் விரலோடு வந்துவிட்டது.

வெள்ளி.

"என்ன சுண்ணாம்பு குடுத்தீய மாமா? நீலப் பையில கணவாய் மீன் ஓடு வச்சிருந்தேன்லா, அதத்தான?"

ஆமாம் என்று வாய்வரை வந்தது. கப்பித்தான் சங்கின் வாயைப் பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"அத வச்சுச் சட்டி தேச்சுட்டேன் மக்கா. இது காத்து டப்பா சுண்ணாம்பு. முழுசும் கரைச்சுட்டேன்."

கரகரப்பைத் தாண்டிக் கத்தினாள்.

"நண்ட விடுங்க. நீங்க எப்படி மூச்சு விடுவீய? வண்டி எடுக்கேன். புயலாவது ஒண்ணாவது, எடுக்கேன். அதுவரைக்கும் ஓடியாடாம படுங்க."

"முத்துக்குளிக்கிற வம்சம்லா? கடலுக்கடியில ஒரு மணி நேரம் மூச்சடக்குனவன் நான்."

"போன தடவ அர மணின்னீய."

அழுதுகொண்டே சொன்னாள்.

சனி.

சிவப்பு விளக்கு. பழைய டப்பா முடிந்தது. நெற்றிக்குள் யாரோ ஆணி அடிக்கிறார்கள்.

வாளியின் மேல் பாலாடை மாதிரி வெள்ளை ஏடு. தொட்டால் மொறுமொறுக்கிறது. எத்தனை சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறேன்! ஈரச் சுண்ணாம்பு காற்றைக் குடித்துக் கல்லாகும். கெட்ட மூச்சுதான் அதற்குச் சோறு. அந்தக் கல்தான் சிப்பி, அந்தக் கல்தான் ஓடு.

போர்வை, வேட்டி எல்லாவற்றையும் வாளியில் தோய்த்துக் குறுக்கும் நெடுக்கும் கட்டினேன். காற்று கொஞ்சம் இலேசானது. காய்ந்த பொருக்கைச் சுரண்டி, காரம் போகக் கழுவிக் கழுவி, கப்பித்தான் முன் வைத்தேன்.

தொடவில்லை.

ஞாயிறு என்று நினைக்கிறேன்.

தொட்டான்.

சின்னக் கொடுக்கால் கிள்ளி வாயில் வைத்தான். இன்னொரு கிள்ளு. நான் விட்ட மூச்சைத் தின்கிறான். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

நேரம் தெரியவில்லை.

வாளி காலி. துணியெல்லாம் பலகையாகிவிட்டது. ஈரமாக ஒரு முழம் மிச்சம். அதில் வாயை வைத்து ஊதுகிறேன், சுரண்டுகிறேன், கழுவுகிறேன். வண்டிச் சத்தமா, என் காதா?

மூச்சடக்குவது ஒரு மணி நேரம் இல்லை மதலேன். ஒரு நிமிடம். அதுவும் சரியாக வராது. நல்லவேளை. இங்கே அடக்கினால் ஆகாது, விட வேண்டும்.

புட்டியில் இருந்த என் பெயரைக் கிழித்துவிட்டேன்.

நகத்தால் அவன் கொடுக்கைத் தட்டினேன். டக் என்றது. கொழகொழ இல்லை. டக். நிலாவில் கெட்டிப்படும் மக்கா. எழுதிக்கொள். உன் பெயரில் எழுது

இன்னும் ஒரு கால் மெத்தென்று இருக்கிறது

ஊதுகிறேன்