லியூவின் அப்பா தைத்தது

ஹைஃபோங்
12 அக்டோபர் 1987

என் தோவாவுக்கு,

நானும் லியூவும் நலம். லைப்ஸிக்கில் இலையெல்லாம் கொட்டத் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். கழுத்தைச் சுற்றித் துணி கட்டாமல் தையல் தொழிற்சாலைக்குப் போகாதே. இங்கே இன்னும் விசிறி கேட்கிற வெயில்தான்.

உன்னிடம் மறைத்துப் பழக்கமில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். ஞாயிறன்று தாய்பின் ஊரிலிருந்து உன் அக்கா குவே வந்திருந்தார். கையில் ஒரு கூடை முட்டை, வாயில் ஒரு கூடை கேள்வி. வந்ததும் அவர் கண் லியூவின் கால்சட்டை முட்டியில் போய் நின்றது. அது கிழிந்திருந்தது. பட்டறையில் ரப்பருக்குப் போடுகிற பசையை வைத்து ஒரு துண்டுத் துணியை நான்தான் ஒட்டியிருந்தேன்.

"என்ன தம்பி இது? புள்ளைக்கு பஞ்சரா ஒட்டியிருக்கீங்க?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "விடிஞ்சா படகுப் பட்டறைக்குப் போயிடறீங்க. ஆம்பளை கையில பொட்டப்புள்ள எப்படி வளரும்? எங்கிட்ட அனுப்புங்க. தோவா ஒப்பந்தம் முடிஞ்சு வெளிநாட்டுலேர்ந்து வர்ற வரைக்கும் நல்ல துணி உடுத்தி நான் வளக்கறேன்."

லியூ கொசுவலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அக்கா போன பிறகும் வெளியே வரவில்லை. சோற்றுக் கிண்ணத்தை உள்ளே நீட்டினேன். வாங்கிக்கொள்ளாமல் கேட்டாள்: "அப்பா, என் துணி கிழியாம இருந்தா நான் இங்கயே இருக்கலாமா?"

மறுநாளே உன் தையல் மெஷினின் மூடியைக் கழற்றினேன். துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றினேன். இப்போது புதிதுபோல ஓடுகிறது. படகு இயந்திரத்தையே பிரித்துப் போடுகிறவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். மெஷின் எனக்கு அடங்கிவிட்டது, துணிதான் அடங்கமாட்டேன் என்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
கியெம்


லைப்ஸிக்
20 நவம்பர் 1987

லியூவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்பே அக்காவின் கடிதம் வந்துவிட்டது. பஞ்சர் கதையை அவரும் எழுதியிருந்தார். விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் மன் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், அக்கா சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் படுகிறது. நீங்கள் நல்ல அப்பா. ஆனால் ஒரு பொத்தான் அறுந்தால்கூட என் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்.

இருந்தாலும் நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். பெட்டிக்கடியில் என்னுடைய பழைய நீலச் சட்டை இருக்கிறது. அதைத் தையல் தையலாகப் பிரியுங்கள். கிழிக்கக் கூடாது, பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் செய்தித்தாளில் வைத்து வரைந்து, லியூவின் உடம்புக்குச் சின்னதாக்குங்கள். சுற்றிலும் விரல் அகலம் விட்டு வெட்டுங்கள். முதலில் கையால் ஓட்டுத்தையல் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் மெஷினில் வையுங்கள். முக்கியமாக, படகைத் தள்ளுகிற கையால் துணியைத் தள்ளாதீர்கள். அது தானாகப் போகும், நீங்கள் வழி மட்டும் காட்டினால் போதும்.

தெத் புத்தாண்டு வரை பொறுக்கும்படி அக்காவுக்கு எழுதியிருக்கிறேன். அன்று அவர் வந்து பார்ப்பார். அதன் பிறகு அவர் சொல்கிறபடிதான்.

என் வேலை அப்படியே இருக்கிறது. ஆண்கள் சட்டைக்கு மார்புப் பை வைக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை பை மட்டும். அந்தத் துண்டுகள் எங்கே போய்ச் சட்டையாகின்றன என்று நான் பார்த்ததே இல்லை.

லியூவின் நெற்றியை என் பேரைச் சொல்லித் தடவுங்கள்.

தோவா


ஹைஃபோங்
1 மார்ச் 1988

என் தோவாவுக்கு,

தெத் முடிந்துவிட்டது. என்ன நடந்தது என்று கேட்க நீ துடித்துக்கொண்டிருப்பாய். ஆனாலும் முதலிலிருந்துதான் சொல்வேன்.

ரேஷன் துணிக் கூப்பனை வீணாக்கப் பயந்து, கோதுமை மாவு வந்த சாக்கில்தான் பழகினேன். முதலில் தைத்த கால்சட்டையில் கால் நுழைய வழியில்லை. இரண்டு காலையும் அடைத்துத் தைத்திருக்கிறேன்! அடுத்தது நன்றாகவே வந்தது. ஆனால் சாம்பல் தண்ணீரில் வேகவைத்தும் சாக்கின் ரஷ்ய எழுத்து போகவில்லை. லியூ அதைப் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். ரஷ்யாவில் படித்த எங்கள் பொறியாளர் அவள் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஈரம் படாமல் வைக்கவும்" என்று சத்தமாகப் படித்தார். பட்டறையே அதிர்ந்தது.

அன்று முதல் எனக்குப் பட்டப்பேர் "தையக்காரம்மா". "தையக்காரம்மா, எனக்கு ஒரு ரவிக்கை தச்சுக் குடேன்!" என்று வெல்டிங் போடுகிற துங் தினமும் கத்துவான். நானும், "மொதல்ல வயித்தக் கொறைச்சிட்டு வா, அளவெடுக்க டேப்பு பத்தாது" என்பேன். போன வாரம் அதே துங், ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு பொட்டலத்தோடு வந்தான். "கியெம், ஒருத்தருக்கும் சொல்லாத. இந்தக் காலர் நைஞ்சு போச்சு. பிரிச்சுத் திருப்பிப் போட்டுத் தரியா?" திருப்பிப் போட்டேன். நைந்த பக்கம் உள்ளே போய், சட்டை புதிதாகிவிட்டது. மகிழ்ந்துபோய் ஒரு கட்டு காய்ந்த கணவாய் மீன் கொடுத்துவிட்டுப் போனான்.

தோவா, இந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது. பட்டறையில் பழுதானதைப் பழையபடி ஓட வைப்பேன், அவ்வளவுதான். இங்கே குப்பைக்குப் போகிற துணி வேறொன்றாகப் பிறந்து வருகிறது. படகு மூடும் கித்தான் துண்டில் லியூவுக்குப் பள்ளிக்கூடப் பை தைத்தேன். வெட்டி மிஞ்சியதில் பானை இறக்கும் பிடித்துணி. அதிலும் மிஞ்சிய பிசிறெல்லாம் தலையணைக்குள் போயிற்று. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போதே, இன்று எதை எதுவாக்கலாம் என்று மனது ஓடுகிறது. உன் நீலச் சட்டையை லியூவுக்குச் சின்னதாக்கியபோது, கை சேருகிற கைக்குழியைத்தான் பல தடவை பிரித்துத் தைத்தேன். அந்த வளைவைச் சுருக்கமில்லாமல் உட்கார வைப்பதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. நீயோ அதைத் தைத்துக்கொண்டே அடுப்பில் குழம்பையும் பார்த்துக்கொண்டு, என்னோடு சண்டையும் போடுவாய். உன் கை எப்பேர்ப்பட்ட கை!

சரி, தெத். நடுவில் இற்றுப்போன நம் மயில் போட்ட போர்வை உறை நினைவிருக்கிறதா? ஓரங்கள் நன்றாக இருந்தன. அதில் லியூவுக்குச் சிவப்புச் சட்டை தைத்தேன். மயிலின் தோகை சரியாக அவள் முதுகில் விரியும்படி வெட்டினேன்.

அக்கா வந்தார். சட்டையைப் பார்த்தார். லியூவைக் கூப்பிட்டு, அதைக் கழற்றச் சொல்லி, உள்பக்கத்தைத் திருப்பினார். தையல் ஓரமெல்லாம் விரலால் தடவினார்.

"யாரு தச்சது?"

"நான்தான் அக்கா."

"பொய் சொல்லாதீங்க தம்பி."

"அப்பாதான் பெரியம்மா!" என்று லியூ கத்தினாள். "கையில ஊசி குத்தினப்ப கெட்ட வார்த்தை கூடச் சொன்னாரு!"

அக்கா சட்டையை லியூவுக்கே மாட்டிவிட்டார். பிறகு தன் மேல்சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டார். "இதுல பொத்தான் காஜா பிரிஞ்சு கெடக்கு. பொறுமையா பாருங்க, அவசரமில்ல." ஒட்டரிசிச் சோறு சாப்பிட்டார், லியூவுக்குத் தலை வாரிவிட்டார், பஸ் ஏறிப் போய்விட்டார். கூட்டிப்போகும் பேச்சை எடுக்கவே இல்லை.

லியூ இப்போது சட்டையைக் கழற்றாமல் தூங்குகிறாள்.

உன் கைக்கு வணக்கத்துடன்,
கியெம்


லைப்ஸிக்
15 ஜனவரி 1989

லியூவின் அப்பாவுக்கு,

ஊரிலிருந்து வந்தவரிடம் கொடுத்தனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. இலவம்பஞ்சு வைத்துத் தைத்த அந்தக் கையில்லாச் சட்டையைத்தான் இதை எழுதும்போதும் போட்டிருக்கிறேன். வெளியே பனி முழங்காலுக்கு வருகிறது. என் நெஞ்சுக்குள் ஹைஃபோங் வெயில்.

விடுதிப் பெண்கள் எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். "இது ஒம் புருஷன் தச்சதா? ஆம்பளையா?" என்று மன் கேட்டாள். "அவருக்குத் தம்பி யாராவது இருந்தா சொல்லுடி!" உங்கள் கடிதங்களை அவர்களுக்குப் படித்துக் காட்டுவேன். மாவுச் சாக்குக் கதையை இன்னொரு தடவை படி என்று கேட்பார்கள். பஞ்சு ஓரிடத்தில் சேராமல் கட்டம் கட்டமாகத் தைத்திருக்கிறீர்கள். அதை நான் உங்களுக்கு எழுதவே இல்லையே, எப்படித் தெரிந்தது? எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

உள்பக்கம் இடது மார்பில் ஒரு பை வைத்திருக்கிறீர்கள். நாள் முழுக்க அதே இடத்தில் யார் யாருக்கோ பை வைக்கிறேன். எனக்கென்று ஒருவர் வைத்தது இதுதான். லியூவின் படத்தை அதில் வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு எழுதிவிட்டேன்: லியூ அவள் அப்பாவிடமே இருக்கட்டும் என்று.

உங்கள் தோவா


ஹைஃபோங்
8 ஜனவரி 1990

என் தோவாவுக்கு,

மழைக்காலத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அங்கே கிழக்கையும் மேற்கையும் பிரித்த சுவர் இடிந்ததை வானொலியில் கேட்டோம். தபால் எங்கோ சிக்கியிருக்கிறது என்று லியூவிடம் சொல்லியிருக்கிறேன். மன் மேற்குப் பக்கம் போய்விட்டாளாம், அவள் வீட்டில் சொன்னார்கள். உன் தொழிற்சாலையை மூடப்போகிறார்களா?

உனக்கு அங்கே நல்ல இடம் கிடைத்தால் தயங்காதே. எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். லியூ நன்றாகப் படிக்கிறாள். கால்சட்டை ஓரத்தைத் தானே மடித்துத் தைக்கிறாள். சமையல், துணி, பள்ளிக்கூடம் எல்லாம் குறையில்லாமல் நடக்கிறது. அக்காவும் மாதம் ஒருமுறை வந்து போகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கியெம்


லைப்ஸிக்
2 மார்ச் 1990

லியூவின் அப்பாவுக்கு,

நான் எழுதாததற்குத் தபாலைக் குறை சொல்லவேண்டாம். எழுத உட்காருவேன், என்ன எழுதுவதென்று தெரியாது. தொழிற்சாலையில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். என் வரிசை மெஷின்களுக்கு உறை போட்டுவிட்டார்கள். ஊருக்குப் போகிறவர்களுக்கு விமானச் சீட்டு தருகிறார்கள். மன் மேற்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்துவிட்டு என்னையும் கூப்பிடுகிறாள்.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். எல்லாம் குறையில்லாமல் நடக்கிறது என்கிறீர்கள். சந்தோஷம். லியூவுக்குத் தலை பின்னுவது நீங்கள், தைப்பது நீங்கள், சமைப்பது நீங்கள். உங்களைப் பற்றி இந்த விடுதி முழுக்கப் பெருமை பேசியவள் நான். இப்போது பயமாக இருக்கிறது. அந்த வீட்டுக்குள் வந்து நான் என்ன செய்வேன்? எந்தப் பானை எங்கே இருக்கிறது என்று கேட்டு நிற்கிற விருந்தாளியாகவா? பை வைத்துப் பை வைத்து, முழுச் சட்டை வெட்டுகிற கணக்குகூட எனக்கு மறந்துவிட்டது. லியூவுக்கு என் குரல் நினைவிருக்குமா?

"வா" என்று ஒரு வார்த்தை உங்கள் கடிதத்தில் எங்காவது இருக்கும் என்று தேடினேன்.

மே கடைசிக்குள் என் முடிவைச் சொல்ல வேண்டும்.

தோவா


ஹைஃபோங்
6 ஏப்ரல் 1990

தோவா,

வா.

முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், நீ தேட வேண்டாம்.

பிள்ளையைக் காட்டி உன்னை இழுக்கக் கூடாது என்றுதான் அப்படி எழுதினேன். அங்கே உனக்கு ஒரு வாழ்க்கை கிடைத்தால் நான் குறுக்கே நிற்கலாமா? உன் கடிதத்தைப் படித்த பிறகு அக்காவிடம் காட்டினேன். "தம்பி, சட்டை தைக்கத் தெரியுது, பொண்டாட்டிக்கு ஒரு கடுதாசி எழுதத் தெரியலையே!" என்று தலையில் குட்டாத குறை.

குறையில்லாமல் நடக்கிறது என்று எழுதினேனே, அது உண்மையில்லை. வேலை நடக்கிறது, அவ்வளவுதான். ஒரு சட்டை நன்றாக வந்தால் தூக்கிப் பிடித்துக் காட்ட ஆள் தேடுகிறேன். லியூ, "நல்லாருக்குப்பா" என்று பார்க்காமலே சொல்கிறாள். துங்கிடம் காட்டினால் என்ன தெரியும் அவனுக்கு? அந்தக் கைக்குழியைப் பார்த்தவுடன் அதில் என்ன பாடு பட்டிருப்பேன் என்று தெரிகிற கண் உனக்கு மட்டும்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இத்தனை நாளும் கிழிசலிலும் மிச்சத்திலும்தான் தைத்தேன். தெத்துக்கு முன்னால் முதல்தடவையாகப் புதுத் துணி வாங்கினேன். வெள்ளையில் சின்னச் சின்ன மஞ்சள் பூ. உனக்குத்தான். மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டு வெட்ட முடியாமல் நிற்கிறேன். "அம்மா இப்ப குண்டா இருப்பாங்களா, ஒல்லியா இருப்பாங்களா அப்பா?" என்று லியூ கேட்கிறாள். என்னால் சொல்ல முடியவில்லை.

கழுத்து, தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், எல்லா அளவும் எழுதி அனுப்பு. கத்தரிக்கோலைத் தீட்டி வைத்திருக்கிறேன்.

உன் கியெம்


லைப்ஸிக்
9 மே 1990

லியூவின் அப்பாவுக்கு,

அளவு அனுப்ப மாட்டேன்.

விமானச் சீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூன் மாதம் ஹனோய் வந்து இறங்குகிறேன், தேதி தெரிந்ததும் தந்தி கொடுக்கிறேன். மன் என்னைப் பார்க்க இங்கே வந்து அழுதாள், பிறகு அவளே என் பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள்.

குண்டா ஒல்லியா என்று நானும் சொல்லப்போவதில்லை என்று லியூவிடம் சொல்லுங்கள். துணியை வெட்டாமல் மடித்து வையுங்கள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே விமான நிலையத்துக்கு வாருங்கள், யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். நான் வந்து உங்கள் முன்னால் நிற்கிறேன். நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோவா