சித்தப்பா கைப்பட எழுதித் தந்த சாட்சி

என் பாசத்துக்குரிய அப்பா,

பிரான்ஸ் மண்ணுக்குள் குளிர் தாங்குகிறதா? இங்கே ரெட்டியார்பாளையத்தில் வெக்கை உயிரை வாங்குகிறது. போதாததற்கு உங்கள் அருமைத் தம்பியும் லீவுக்கு வந்து தொலைத்திருக்கிறார்.

என் தம்பி அருள் இன்னும் அங்கே ஜெயிலில்தான் இருக்கிறான். முன்பு உங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவனை, விசா முடிந்தும் தங்கினான் என்று திருப்பி அனுப்பினார்களே, மறுபடி நுழையத் தடையும் போட்டு. உங்களுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டதும் தடையாவது ஒன்றாவது என்று கிளம்பிவிட்டான். உங்களை அடக்கம் பண்ணும் நாளில்தான் வந்து சேர முடிந்தது. ஒரு பிடி மண் போடுவதற்குள் பிடித்துக்கொண்டார்கள்.

தெருவில் பிடித்தோம் என்று போலீஸ் எழுதியது. சம்பாதிக்க வந்தவன் சாவைச் சாக்குச் சொல்கிறான் என்று கோர்ட்டில் தண்டித்தார்கள். அடக்கத்தை நடத்திய சித்தப்பாவை அருளின் வக்கீலம்மா கேட்டதற்கு, "அவன் வந்ததே எனக்குத் தெரியாது" என்று கைவிரித்தார். மனுஷனா அவர்?

உங்களையும் விடுவதாக இல்லை. குடியுரிமைக்கு ஆதாரமான பிரெஞ்சுக் குடும்பப் புத்தகத்தில் என் பெயரை எழுதிவைத்தீர்கள். அருள் பிறந்தபோது, "அடுத்த லீவுல வந்து பதிஞ்சிக்கலாம்" என்றீர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் உங்களுக்கு எத்தனை லீவு வந்தது? நான் பிரெஞ்சுக்காரி, என் கூடப் பிறந்தவன் கள்ளத்தனமாக நுழைந்தவன். இந்தக் கூத்து நம்ம ஊரில்தான் நடக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா விருந்துக்கு வந்தார். கோட்டைக் கழற்றாமல் வேர்த்து ஊற்றியபடி பிரியாணியை ஒரு கட்டு கட்டிவிட்டு, சொந்தக்காரர்கள் முன்னால் ஆரம்பித்தார்.

"சட்டம்னா சட்டம்தாம்மா. கல்லற வாசல்ல அவன் நிக்கிறத பாத்தேன். நான்தான் போலீசுக்கு போன் போட்டேன். பிரெஞ்சுக்காரன்னா அப்படித்தான் இருக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

"அத அப்படியே எழுதிக் குடுங்க சித்தப்பா. உங்கள மாதிரி பிரெஞ்சு எழுத யாருக்கு வரும்? நம்ம குடும்பத்துப் பசங்க படிக்கட்டும்."

"அதுக்கென்னா, எட்றீ பேப்பர!"

ஒன்றரைப் பக்கம் எழுதினார் அப்பா. நாள், நேரம், அருள் கையில் பூ வைத்திருந்தது, தானே போன் போட்டது, ஒன்றையும் விடவில்லை. அடியில் தன் பட்டாளப் பதக்கங்களை வேறு வரிசையாகப் போட்டுக் கையெழுத்திட்டார். தன் கையாலேயே மாட்டிக்கொள்கிறோம் என்கிற புத்திகூடக் கிடையாது. அவ்வளவு மண்டைக்கனம்.

அடுத்த நாளே அங்குள்ள வக்கீலம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். மேல்முறையீட்டுக்கு இதைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம். வருகிற திங்கட்கிழமை விசாரணை. தண்டனை குறையுமா, அடியோடு போகுமா, தெரியவில்லை.

விடுதலையானாலும் நேரே விமானத்தில் ஏற்றி இங்கேதான் அனுப்புவார்கள். உங்கள் கல்லறையை அவன் இனிமேல் பார்க்க முடியாது. அதனால் நான் வருகிறேன் அப்பா, சத்தியமாக வருகிறேன். அவன் பெயரைச் சொல்லி ஒரு பிடி மண் போடுகிறேன். அன்றைக்கு உங்கள் தம்பியும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். போலீசைக் கூப்பிட முடியாது, நான் புத்தகத்தில் இருப்பவள்.

உங்கள் மகள், அதற்கும் மேலாக அருளின் அக்கா,
ரீத்தா